"வேன் வருமா?"

அன்புள்ள அண்ணா,

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 16 வயது, ஆட்டிசம் உள்ளவன். வெள்ளத்தால் அவன் வேனில் போகும் பராமரிப்பு நிலையம் பூட்டிக் கிடக்கிறது. "வேன் வருமா?" என்று நாள் முழுக்கக் கேட்கிறான். "நாளைக்கு வரும்" என்கிறோம். வராவிட்டால் கையைக் கடித்துக்கொள்கிறான். சின்ன வயதில் போட்ட ஊசிதான் காரணம் என்கிறார் மாமி. கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டுவதா? போனைப் பறித்துவைப்பதா?

ச.

அன்புள்ள தங்கச்சி,

ஊசிக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தப் பயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. மாமி கேட்கமாட்டார், பரவாயில்லை. போன் அவனிடமே இருக்கட்டும்.

ஆனால் அந்த "நாளைக்கு வரும்" இருக்கிறதே, வாசித்ததும் கோபம் வந்தது. வராது என்று தெரிந்துகொண்டே ஏன் சொல்கிறீர்கள்? அவன் வாயை மூடத்தானே? நம் ஊரே இப்படித்தான். "இந்தா வாறன்" என்றவர் அந்திக்குத்தான் வருவார். நாம் மனதுக்குள் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்வோம். உங்கள் தம்பி கூட்டுவதில்லை, சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறான். அதற்கு அடம் என்று பெயர் வைக்காதீர்கள்.

2022இல் கரண்ட் வெட்டிய நாட்கள் நினைவிருக்கும். மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை போனது. கல்லடியில் என் பெரியம்மாவின் மகன், அவனும் ஆட்டிசம் உள்ளவன், என்ன ஆவானோ என்று பயந்திருந்தோம். மின்சார சபை ஆங்கில எழுத்துவாரியாக இடங்களைப் பிரித்து நேர அட்டவணை போட்டது. அவன் அதைத் தினமும் கொப்பியில் எழுதினான். இருட்டு அவனை ஒன்றும் செய்யவில்லை. அட்டவணையில் இல்லாத வெட்டு வந்தால்தான் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவான். பெரியம்மா பிடித்து நிறுத்தப் பார்ப்பார். விடுங்கள், அப்படி ஆடித்தான் அவன் தேறுகிறான் என்று நான் சத்தம் போடுவேன்.

டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்று 2012இல் எழுதினார். அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால் அதை மருத்துவ அறிக்கையில் எழுதுகிறார்கள். நமக்கு அவர்களைப் புரியாததை யார் எழுதுகிறார்கள்? "வேன் வருமா" என்பதில் வேனைப் பற்றிய கேள்வி மட்டும்தான் இருக்கிறதா? பயத்தைச் சொல்ல அவனிடம் உள்ள வசனமாகவும் இருக்கலாம்.

ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்: இன்று வேன் இல்லை. ரோட்டில் தண்ணி. எப்போது வரும் என்று எங்களுக்கும் தெரியாது. பின்னேரம் 4 மணிக்கு நிலையத்துக்குக் கோல் எடுப்போம். வாசிக்கமாட்டான் என்றால் படமாக வரையுங்கள். அப்புறம், 4 மணிக்கே எடுங்கள், அவன் முன்னால்.

கொழும்புக்கு ஓடுமுன் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் காட்டலாம். பல்லையும் காதையும் பார்க்கச் சொல்லுங்கள். வலியைச் சொல்லத் தெரியாமலும் சிலர் கையைக் கடிப்பார்கள்.