அடுத்தவர் கதையைத் திருத்தும் மகள்: பாலக்கோட்டு அம்மாவுக்கு ஒரு பதில்

பிளஸ் டூ கணினி அறிவியல் பிரிவில் படிக்கும் உங்கள் மகள், இரவு பதினொரு மணிவரை போனில் யார் யாரோ எழுதிய கதைகளைத் திருத்திக் கொடுக்கிறாள், தானும் பிரபலமான ஒரு மாயாஜாலக் கதையின் பாத்திரங்களை வைத்துத் தொடர் எழுதுகிறாள், ஒரு நோட்டு நிறைய இல்லாத ராஜ்ஜியங்களின் பெயரும் வம்சாவளியும் எழுதி வைத்திருக்கிறாள் என்கிறீர்கள். “இதுக்கு ஏதாவது வேலை உண்டா, இல்ல போனைப் பிடுங்கி வைக்கட்டுமா” என்றும் கேட்டிருக்கிறீர்கள். போனைப் பிடுங்க வேண்டாம். முதலில் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, பொறுமையாகப் புரட்டிப் பாருங்கள். அவள் செய்வதில் நாளைக்குச் சம்பளமாக மாறக்கூடிய பகுதி அந்த நோட்டில்தான் இருக்கிறது.

அவள் செய்வது ஒரு வேலையல்ல, மூன்று வேலைகள். பிறர் உருவாக்கிய பாத்திரங்களை வைத்துக் கதை எழுதுவது முதலாவது. இதை ரசிகர் புனைவு என்றும் ஃபேன் ஃபிக்‌ஷன் என்றும் சொல்கிறார்கள். பிறர் எழுதியதைச் செப்பனிடுவது இரண்டாவது. கற்பனை உலகத்தின் தகவல்கள் முன்னுக்குப் பின் முரணில்லாமல் இருக்கின்றனவா என்று சரிபார்ப்பது மூன்றாவது. வீட்டில் மூன்றையும் சேர்த்து ‘கதை எழுதுறா’ என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம். முதலாவதில் நேரடி வருமானம் அநேகமாகக் கிடையாது. இரண்டாவதும் மூன்றாவதும் கைத்தொழில்கள்.

மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் பெற்றோர்கள் விளையாட்டு என்று நினைக்கிறார்கள். சங்க காலத் தகடூரை, அதாவது நம் தருமபுரியை, களமாக வைத்து யாரோ எழுதிய கதையில் இப்படி ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்: ‘மூன்றாம் பிறை நடுவானில் நிற்க, நள்ளிரவில் தகடூர்க் கோட்டையைவிட்டு நடந்து கிளம்பியவன், விடியுமுன் ஒகேனக்கல்லை அடைந்து, மிளகாய்த் துவையலோடு களியைத் தின்றான்.’ படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே நான்கு பிழைகள். மூன்றாம் பிறை மாலையில் மேற்கே தெரிந்து, பொழுது சாய்ந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் மறைந்துவிடும். நள்ளிரவில் வானத்திலேயே இருக்காது. தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். நல்ல பாதையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடந்தாலும் ஒன்பது மணி நேரமாகும், பென்னாகரம் தாண்டிய மலைச்சரிவில் இருட்டில் அந்த வேகமும் வராது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. வாஸ்கோட காமா 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு போர்த்துகீசியர் வழியாகத்தான் நம் அடுப்படிக்கு வந்தது; அதியமான் காலத்துக் காரம் மிளகுதான். ஒகேனக்கல் என்ற பெயரே ‘புகைக்கல்’ என்று பொருள்படும் கன்னடச் சொல், சங்க காலத்துப் பாத்திரத்தின் வாயில் அது பொருந்தாது. அதே ஆசிரியர் கரும்பைச் சேர்த்திருந்தால் கை வைக்கக் கூடாது. அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்ததாகப் புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் ஔவையாரே பாடியிருக்கிறார்.

பிழையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை, அதை எழுத்தாளருக்குச் சொல்லும் விதம் மீதிப் பாதி. ‘நிலா தப்பு’ என்று எழுதினால் எழுத்தாளருக்குக் கோபம்தான் வரும். தொழில் தெரிந்தவர் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்: ‘அத்தியாயம் 7, மூன்றாம் பத்தி: மூன்றாம் பிறை நள்ளிரவில் தெரியாது. தேய்பிறை அஷ்டமி என்று மாற்றினால் நிலா அப்போதுதான் கிழக்கே எழும். ஆனால் அத்தியாயம் 4-இல் அமாவாசை முடிந்து மூன்று நாள் என்று வருகிறது, அதையும் மாற்ற வேண்டியிருக்கும். எது வசதி?’ இடம், காரணம், மாற்று வழி, அந்த மாற்றத்தால் வேறெங்கே இடிக்கும் என்பது, கடைசியாக முடிவை எழுத்தாளரிடமே விடும் ஒரு கேள்வி என ஐந்தும் அதில் இருக்கின்றன. உங்கள் மகளின் குறிப்புகள் இப்படி இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், பதிப்பகத்தில் புதிதாகச் சேரும் பலருக்கு இல்லாத பழக்கம் அவளிடம் வந்துவிட்டது.

முழுக் கற்பனை உலகமென்றால் வரலாற்றை வைத்து அளக்க முடியாது. அந்த உலகத்துக்கு இரண்டு நிலாக்கள் இருக்கலாம். அங்கே அளவுகோல் ஆசிரியர் முன்பே சொன்ன விதிதான். மந்திரம் போட்டால் உடல் சோரும் என்று இரண்டாம் அத்தியாயத்தில் சொல்லிவிட்டு, இருபதாம் அத்தியாயத்தில் ஒருவன் விடாமல் பத்து மந்திரம் போட்டுக் களைப்பே இல்லாமல் நின்றால் வாசகர் நம்ப மாட்டார். அதனால் நோட்டில் கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள்: பாத்திரத்தின் பெயரும் அதன் எழுத்துக்கூட்டலும், வயது, எந்தக் கையில் வாள், எந்தப் பக்கம் தழும்பு, ஊருக்கு ஊர் தூரம், கதை நடக்கும் திதி, மந்திரத்துக்கான விலை, இவை முதலில் வந்த அத்தியாய எண். தமிழுக்கென்று இன்னொரு கட்டமும் அவசியம் வேண்டும்: யார் யாரை ‘நீ’ என்கிறார், யார் ‘நீங்கள்’, யார் ‘தாங்கள்’. பலர் சேர்ந்து எழுதும் நீண்ட தொடர்களில் அடிக்கடி உடைவது இதுதான். தளபதி ஒரு அத்தியாயத்தில் இளவரசியைத் ‘தாங்கள்’ என்பார், அடுத்ததில் காரணமே இல்லாமல் ‘நீ’ என்பார்.

இனி திருத்தும் வேலை. புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே வாசிப்பில் பார்க்க முயல்வது. ஒற்றுப்பிழை தேடும் கண்ணுக்குக் கதையின் ஓட்டை தெரியாது. முதல் முறை பேனாவைத் தொடாமல் வாசிக்க வேண்டும், இரண்டாம் முறை கதையும் உலகமும், மூன்றாம் முறை வல்லினம் மிகும் மிகா இடம், ர-ற, ல-ள-ழ, ன-ண-ந. அடுத்த தவறு, பிறர் நடையைத் தன் நடையாக மாற்றிவிடுவது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னட வாடையோடு ஒரு பாத்திரம் பேசினால் அது பிழையில்லை, அதை எழுத்துத் தமிழாக ‘சரி’ செய்வதுதான் பிழை. மாற்றங்களைச் சத்தமில்லாமல் செய்யவும் கூடாது. மாற்றிய இடங்களை எழுத்தாளருக்கு அப்படியே காட்டும் வேர்டின் டிராக் சேஞ்சஸ், கூகுள் டாக்ஸின் சஜஷன் முறை, இந்த இரண்டையும் பழகட்டும். போனில் கட்டைவிரலால் தட்டுவதை விட்டுவிட்டு, கணினியில் தமிழ்99 விசைப்பலகையில் பத்து விரலால் தட்டச்சு செய்ய வேண்டும்.

பயிற்சிக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. விக்கிப்பீடியாவின் சகோதரத் தளமான தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட பழைய நூல்களை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். ஒரு பக்கம் அச்சுப் படம் இருக்கும், மறுபக்கம் கணினி எழுத்துணர்ந்து தந்த பிழை மலிந்த உரை. படத்தைப் பார்த்து உரையைத் திருத்தினால் பக்கம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும். அதைப் பச்சையாக்க வேறொருவர்தான் சரிபார்க்க வேண்டும், திருத்தியவரே ஆக்க முடியாது. அந்த வேறொருவர் என்ன மாற்றினார் என்பது பக்க வரலாற்றில் அப்படியே தெரியும். தான் எதைத் தவறவிட்டோம் என்று அவளே பார்த்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு ஐந்து பக்கம் என்றால் மூன்று மாதத்தில் நானூற்றைம்பது பக்கம், அவள் கணக்கின் பெயரில், தேதியோடு. வேலை கேட்டுப் போகும்போது அதைத் திறந்து காட்டலாம். நாவி, வாணி போன்ற பிழைதிருத்திகளையும் பயன்படுத்தலாம், ஆனால் தானே ஒருமுறை திருத்தி முடித்த பிறகு.

ரசிகர் புனைவைப் பணமாக்கலாமா என்றால், உயிரோடிருக்கும் ஆசிரியரின் பாத்திரங்களை வைத்து எழுதியதை விற்கக் கூடாது. ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் போன்ற லாபநோக்கில்லாத ரசிகர் புனைவுத் தளங்களே விற்பனை விளம்பரத்தை அனுமதிப்பதில்லை. இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. கல்கி 1954-இல் காலமானார், அவர் எழுத்துக்கான காலம் 2014-ஓடு முடிந்துவிட்டது. எனவே அவர் நாவல் மாந்தர்களை வைத்து யாரும் தொடர்ச்சி எழுதி விற்கலாம். ஆனால் அவர் நாவலைத் தழுவி எடுத்த திரைப்படத்தில் புதிதாகச் சேர்த்த காட்சியும் வசனமும் படமெடுத்தவர்களுக்குச் சொந்தம். இந்த வித்தியாசம் தெரியாமல் சிக்கிக்கொள்கிறவர்கள் உண்டு. பெயரை மட்டும் மாற்றிவிட்டுச் சொந்தக் கதை என்பதும் செல்லாது, உலகமும் சம்பவக் கோவையும் மாற வேண்டும். பதினெட்டு வயது நிறையும்வரை எந்தச் செயலியோடும் ஒப்பந்தம் என்று வந்தால் நீங்கள் படிக்காமல் அவள் ‘சரி’ அழுத்தக் கூடாது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ‘வீட்டிலிருந்தே டைப்பிங், எடிட்டிங் வேலை, பதிவுக்கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று வரும் எதுவும் வேலையல்ல. கட்டணம் வாங்கிக்கொண்டு, பிறகு ‘வேலையில் பிழை, அபராதம் கட்டாவிட்டால் வக்கீல் நோட்டீஸ்’ என்று மிரட்டுவது அதன் அடுத்த கட்டம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். கதை எழுதும் நட்பு வட்டத்தில் புனைபெயர் போதும். பள்ளிப் பெயர், ஊர், போட்டோ, போன் நம்பர் எதுவும் வேண்டாம். உள்ளூர் டிடிபி சென்டர்களில் ஆய்வேட்டுக்குப் பிழை பார்க்கும் வேலை கிடைக்கும், தாராளமாகச் செய்யட்டும். ‘ஒரு அத்தியாயத்தை நீயே எழுதிக்கொடு’ என்றால் மறுத்துவிட வேண்டும்.

படிப்புக்கு வருவோம். இந்த ஆர்வத்தை மட்டும் நம்பிப் பட்டப்படிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழில் ஆழமான பிடிப்பு இருந்தால் பி.ஏ. தமிழ், ஆங்கிலத்திலும் திருத்துகிறாள் என்றால் பி.ஏ. ஆங்கிலம், பழங்காலத் தகவல்களில் கிறுக்கு என்றால் வரலாறு. தருமபுரி அரசு கலைக் கல்லூரியும் கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியும் உங்களுக்குப் பஸ் போக்குவரத்துக்கு உட்பட்டவை, இரண்டும் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. நீங்கள் விரும்பும் பி.எஸ்சி. கணினி அறிவியலும் வீணாகாது. ஓசூருக்கு அடுத்து 40 கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறது. மென்பொருளையும் விளையாட்டுகளையும் தமிழாக்கும் நிறுவனங்களுக்குக் கணினியும் மொழியும் சேர்ந்து தெரிந்தவர் தேவை. பட்டத்துக்குப் பிறகு இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தொலைவழியில் புத்தகப் பதிப்புக்கான முதுநிலைப் பட்டயம் படிக்கலாம். எந்தப் பட்டம் எடுத்தாலும் கூடவே தமிழ், ஆங்கிலத் தட்டச்சுத் தேர்வுகளை எழுதிவைக்கட்டும். அரசுத் தட்டச்சர் பணிக்கு அது கட்டாயம், திருத்தும் வேலைக்கும் கை வேகம் வரும்.

வருமானத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். வெறும் எழுத்துப்பிழை பார்க்கும் வேலை இயந்திரங்களின் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அதை மட்டும் நம்பி நிற்க முடியாது. கதையின் ஓட்டையைப் பிடிப்பவர், ஒலிக்கதை, வெப்தொடர், விளையாட்டு எனப் பல அத்தியாயம் ஓடும் எதிலும் முன்பின் முரணைப் பிடிப்பவர், மொழிபெயர்ப்பில் அர்த்தம் நழுவிய இடத்தைப் பிடிப்பவர், இவர்களுக்கு வேலை இருக்கும். கூலி கேட்குமுன் தன் வேகம் தெரிய வேண்டும். பக்கத்துக்கு 250 சொல் என்று வைத்து, கடிகாரம் பார்த்து இருபது பக்கம் திருத்தட்டும். சுத்தமான பிரதியில் மணிக்கு எட்டுப் பத்துப் பக்கம் போகும், கரடுமுரடான பிரதியில் மூன்று நான்குதான். பார்க்காமலே ‘பக்கத்துக்கு இவ்வளவு’ என்று ஒப்புக்கொள்கிறவர்கள் இங்கேதான் நஷ்டப்படுகிறார்கள். முதலில் ஐந்து பக்கம் மாதிரி பார்த்துவிட்டு விலை சொல்ல வேண்டும், பாதி முன்பணம் வாங்க வேண்டும், எத்தனை சுற்றுத் திருத்தம் என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டும்.

இப்போதைக்குப் பொதுத்தேர்வு முடியும்வரை பிறர் கதையைத் திருத்துவது சனி, ஞாயிறு மட்டும், ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் என்று அவளோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். பாதியில் நிற்கும் கதைகளின் எழுத்தாளர்களுக்கு ‘ஏப்ரலில் முடித்துத் தருகிறேன்’ என்று அவளே எழுதட்டும். நோட்டு அவளிடமே இருக்கட்டும்.