சோடியத்தைக் கூட்டக் கூட்டப் பிளாஸ்டிக் இறுகிக்கொண்டே போகுமா?

அமிலம் கலந்த பொலிஎதிலீனில் சோடியம் அயன் ஏற்றினால் அது உறுதியாகவும் வெப்பத்தைத் தாங்குவதாகவும் மாறிக்கொண்டே போகுமா என்று பண்டாரவளையிலிருந்து உயர்தர மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பி, இறுகும், ஆனால் ஓரளவு வரைதான். வெப்பம் தாங்குவது வேறு கதை.

எதிலீனும் மெதக்ரிலிக் அமிலமும் சேர்ந்த பல்பகுதியத்தை 1960களில் டூபொன்ட் நிறுவனம் சர்லின் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. அதன் அமிலப் பகுதிகளைச் சோடியத்தாலோ நாகத்தாலோ நடுநிலையாக்குவார்கள், அதாவது அமிலத்தின் ஐதரசனுக்குப் பதிலாக உலோக அயனை இருத்துவார்கள். எண்ணெய் போன்ற சங்கிலிகளுக்கு நடுவே அயன்கள் தனியே நிற்காது, கூட்டங்கூட்டமாகச் சேர்ந்துகொள்ளும். சங்கிலிகளைப் பிணைக்கும் முடிச்சு அந்தக் கூட்டம்தான். கந்தகம் போட்டு வல்கனைஸ் செய்த இறப்பரைத் தைத்த துணி என்றால், இது முடிச்சுப் போட்ட துணி. சூடாக்கினால் முடிச்சு தளரும், ஆறினால் மறுபடி விழும். மறுபடி உருக்கி வார்க்க முடிவது அதனால்தான்.

அமிலத்தில் ஏறக்குறைய 40 வீதம் நடுநிலையானதும் விறைப்பு பெரிதாக ஏறாது. உருகிய குழம்பின் பாகுத்தன்மையோ ஏறிக்கொண்டே போய் இயந்திரத்தைத் திணறடிக்கும். உருகுநிலை 100 பாகைக்குக் கீழேயே நிற்கும், ஏனென்றால் உருகுவது எதிலீனின் பளிங்குகள். பளிங்கே இல்லாத பொலிஸ்டைரீனில் நிலைமை வேறு. அங்கே சங்கிலியின் நூறு அலகில் ஒன்றுக்கு அயன் ஏற்றினால், கண்ணாடி நிலைமாறும் வெப்பநிலை, அதாவது விறைப்பான பிளாஸ்டிக் இளகத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 3 பாகை உயரும். அயன் பெரிதாக இருந்தால் பிடி தளரும். ஆகவே எந்தச் சங்கிலி, எந்த அயன் என்று முதலில் முடிவு செய்துவிட்டு அளவைத் தேடுங்கள்.

இதையெல்லாம் விட நான் வலியுறுத்த விரும்புவது ஈரம். ஹட்டனில் ஓர் ஆடி மாதம், மூன்று நாள் மழை விடாத வாரத்தில், சோடியம் ஏற்றிய பிளாஸ்டிக் தகடு ஒன்றையும் நாகம் ஏற்றிய தகடு ஒன்றையும் ஜன்னலோரம் வைத்துவிட்டேன். தராசில் போட்டபோது சோடியத் தகடுதான் அதிகம் கனத்திருந்தது. நீர் போய் அயன் கூட்டத்துக்குள் உட்கார்ந்து முடிச்சை மென்மையாக்கும். திறந்து கிடந்த, சோடியம் ஏற்றிய பிளாஸ்டிக் மணிகளை அப்படியே உருக்கியதில் தகடு முழுக்கக் குமிழி. ஒரு வார வேலை போயிற்று, மனம் விட்டுப் போயிற்று. நம் மலையில் மூடுபனிக் காலத்தில் அளப்பவருக்கு நாகம்தான் நம்பிக்கையான துணை. அலுமினியத் தாளிலும் அது நன்றாக ஒட்டும்.

இந்த வகைப் படலம் தூள் படிந்த விளிம்பிலும் ஒட்டி மூடும். தேயிலைப் பொதி மூடுபவர்களுக்கு அதன் அருமை புரியும்.

இன்னொன்று. வார்த்த பிறகும் இது சாதாரண வெப்பநிலையில் நாள் கணக்கில் இறுகிக்கொண்டே இருக்கும். அளந்த நாளோடு வார்த்த நாளையும் கொப்பியில் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நாள் தகட்டையும் ஒரு மாதத் தகட்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் அயனால் வந்தது என்று எழுதிவிடுவீர்கள்.