நீலத்தைக் கறுப்பாக்க ஒரு டிகாக்‌ஷன்

கேள்வி: சயனோடைப் பிரிண்டை (இரும்பு உப்பு பூசிய காகிதத்தை வெயிலில் காட்டி எடுக்கும் நீல நிறப் படம்) டீயில் ஊறப்போட்டால் கறுப்பாகும் என்றார்கள். எனக்கு நீலம் கொஞ்சம் கருத்ததோடு சரி, வெள்ளையாக இருந்த இடமெல்லாம் பழுப்பாகிவிட்டது. ஏன்?

பதில்: முதலில் நீலத்தை வெளுக்க வேண்டும், அதை விட்டுவிட்டீர்கள். படத்தில் இருப்பது பிரஷ்யன் நீலம், அதாவது ஓர் இரும்புச் சேர்மம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வாஷிங் சோடா (ஆப்பசோடா இல்லை, துணிக்குப் போடுவது) கரைத்து பிரிண்டை அதில் முக்கினால், நீலம் ஊதாச் சாயல் காட்டி அப்படியே வெளிறி மங்கலான மஞ்சளாகும். படம் போச்சே என்று பதற வேண்டாம், இரும்பு காகிதத்திலேயேதான் இருக்கிறது. நன்றாக அலசிவிட்டு, ஆறிய கெட்டி டிகாக்‌ஷனில் போடுங்கள்; டீயின் டானின் (துவர்ப்பு தரும் பொருள்) அந்த இரும்போடு சேர்ந்துதான் பழுப்பும் கறுப்பும் வருகின்றன. கடுக்காய்க் கஷாயத்திலும் டானின் தாராளமாக உண்டு, சாயப்பட்டறைக்காரர்களுக்குப் பழகிய சரக்கு. முழுக்க வெளுக்காமல் பாதியில் எடுத்தால் நிழல்களில் நீலம் தங்கி இரட்டை நிறம் கிடைக்கும், எனக்கு அதுதான் அழகு.

காகிதம் கறையாவதை முழுசாகத் தடுக்க முடியாது. கிரீன் டீ என்றால் கறை குறைவு. அப்புறம், வெளுக்கும்போது மெல்லிய சாயல்கள் கரைந்துபோகும், அதனால் பிரிண்டை வெயிலில் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் வைத்து எடுங்கள். கையுறை போடுங்கள், சமையல் பாத்திரத்தில் செய்யாதீர்கள்.