காசநோயை எதிர்ப்பதில் உலக சுகாதார நிறுவனத்தின் பங்கு என்ன?

மருந்து அனுப்புவதுதான் அதன் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு அது கொடுத்த தோள் அதைவிடப் பெரியது என்பேன், சென்னையே சாட்சி.

1956இல் அந்த நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றுடன் கைகோத்து இங்கே ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினரை சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில், சேர்த்தார்கள். மற்றவர்கள் நெரிசலான வீடுகளிலேயே இருந்தார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டு அதே காசநோய் மருந்துகள்: ஐசோனியசிட், பாஸ் (பாரா-அமினோசாலிசிலிக் அமிலம்). சத்தான உணவும் ஓய்வும் சானடோரியத்தில்தான் அதிகம். ஆனாலும் 1959இல் வெளியான முடிவின்படி, இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை.

படுக்கை கிடைக்காமல் தவித்த ஏழை நாடுகளுக்கு எவ்வளவு பெரிய விடுதலை! பின்னர் உலகெங்கும் வீட்டுச் சிகிச்சையே வழக்கமானது.