அம்ருத் ஃப்யூஷன் விஸ்கி தொண்டையை எரிக்கிறது என்ற கேள்விக்கு

ஐஸைத் தவிர்த்துவிட்டு, 30 மில்லிக்கு ஒரு தேக்கரண்டி சாதாரணத் தண்ணீர் மட்டும் சேர்த்துப் பாருங்கள். இந்திராநகரில் வாங்கிய பாட்டில் ஐஸ் போட்டும் எரிகிறது, மணமும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள்.

பெரும்பாலும் அதன் வீரியமே காரணம்: இங்கு வழக்கமாகக் கிடைக்கும் விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம், இதில் 50. இந்திய பார்லியுடன், பீட் எனும் சதுப்பு நில மக்கின் புகையில் உலர்த்திய ஸ்காட்லாந்து பார்லியும் சேர்த்து நம் பெங்களூருவிலேயே வடிக்கப்படும் இந்த அருமையான மால்ட் விஸ்கியின் மணத்தைக் குளிர் அமுக்கிவிடும்.

சோதிக்க, இரண்டு கிளாஸில் ஊற்றி, ஒன்றில் மட்டும் தண்ணீர் விட்டு, சில நிமிடங்கள் கழித்து, வாயைச் சற்றே திறந்தபடி இரண்டையும் மாறி மாறி முகர்ந்து பாருங்கள். நெடி தணிந்ததில் புகைமணம் தனியாகத் தெரியும்.

தண்ணீர் கூடினால் சப்பென்றாகிவிடும். பாட்டில் பாதி காலியாகிப் பல மாதங்கள் கிடந்திருந்தால், இந்த முறையும் பெரிதாக உதவாது.