லேப்டாப்பும் மிடி கீபோர்டும் வைத்துக் கச்சேரி வாசிக்க எப்படித் தயாராவது?

கோயில் திருவிழா மெல்லிசை மேடையில் பத்தே நிமிடத்தில் தயாராக வேண்டும் என்கிறீர்கள். சரி, அங்கே போய் வயர் தேடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. லேப்டாப் ஒலியை வெளியே அனுப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸையும் யூஎஸ்பி ஹப்பையும் ஒரு சின்னப் பலகையில் வெல்க்ரோவால் ஒட்டி, வயர்களைச் செருகியபடியே வைத்திருங்கள். மேடையில் மாட்ட வேண்டியது கரண்ட், கீபோர்டு, மிக்சருக்குப் போகும் வயர், அவ்வளவுதான்.

பலரைப் படுத்துவது 'ங்ங்...' என்ற இரைச்சல். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் அது நின்றால் பெரும்பாலும் எர்த் லூப்தான், அதாவது கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த் ஆவதால் வரும் தொல்லை. மிக்சருக்குப் போகும் வழியில் மாட்டும் டிஐ பாக்ஸில், ஒலி வயரின் எர்த்தை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள். ஜெனரேட்டர் கரண்டில் அது உயிரோடு விளையாட்டு.

பஃபரை, அதாவது லேப்டாப் ஒலியை ஒரு தடவைக்கு எவ்வளவு சேர்த்து அனுப்புகிறது என்ற அளவை, 128 சாம்பிளில் வைத்தால், 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் அதனால் வரும் தாமதம் சுமார் 3 மில்லிசெகண்ட்தான். ஒலி பொரிந்தால் 256. வைஃபை, ஸ்லீப், அப்டேட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒருமுறை பல்லவி நடுவே என் லேப்டாப் தூங்கிவிட்டது. பாடகர் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்றிலிருந்து, கீபோர்டை ஃபோனில் மாட்ட உதவும் ஓடிஜி கேபிளும் பியானோ ஆப் போட்ட ஃபோனும் பையிலேயே இருக்கின்றன.

அப்புறம், ஒலியை நீட்டிக்கும் சஸ்டெயின் பெடலை மிதித்தபடி கீபோர்டை ஆன் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் பல கீபோர்டுகளில் பெடல் தலைகீழாக வேலை செய்யும்.