1/24 அளவு (நிஜக் காரில் 24-ல் ஒரு பங்கு) கார் மாடல் ஒன்றை முடிக்க ஏன் இத்தனை மாதம் ஆகிறது?

பெரும்பகுதி நேரம் பெயிண்ட் காய்வதற்கே போகிறது. உங்கள் கை மெதுவானது என்று நினைக்காதீர்கள். எனாமல் (மெதுவாகக் காயும் எண்ணெய் வகைப் பெயிண்ட்) பூச்சு ஒரு நாளில் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிடும், ஆனால் உள்ளே இறுகப் பல நாள் பிடிக்கும். முகர்ந்து பாருங்கள்: வாடை வந்தால் இன்னும் காயவில்லை. எனாமலின் மேல் லாக்கர் கிளியர் (கடுமையான கரைப்பான் கொண்ட நிறமற்ற மேல்பூச்சு) மட்டும் அடிக்காதீர்கள், அதன் கரைப்பான் அடிப்பூச்சைச் சுருக்கிவிடும். பிறகு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். மெல்லிய பூச்சாகப் பலமுறை அடிப்பதும் நாளை இழுக்கும். வேறு வழியில்லை, தடித்தால் கதவு, பானெட் இடுக்குக் கோடுகள் மூடிப்போகும்.

அடுத்தது என்ஜின். நிஜக் காரில் 7 மி.மீ. தடிமனுள்ள ஸ்பார்க் பிளக் வயர், 1/24 அளவில் சுமார் 0.3 மி.மீ.தான். வி12 (12 சிலிண்டர் என்ஜின்) என்றால் குறைந்தது 12 வயர், ஒவ்வொன்றுக்கும் தனித் துளை. ஒரு மாலையில் இரண்டு மூன்று முடிந்தாலே நல்ல வேலை.

பாடி காயும் நாட்களில் இருக்கை, டேஷ்போர்டு, சக்கரங்களைப் பாருங்கள். இன்னொரு கிட்டை (மாடல் பாகங்கள் அடங்கிய பெட்டி) மட்டும் பிரிக்காதீர்கள். சிறு பாகங்கள் கலந்து இரண்டுமே முடியாமல் அலமாரிக்குப் போய்விடும்.